எட்டாவது வாக்கியம்

எல்லா வாக்கியமும் 'நான்' என்றே தொடங்குகிறது.
முப்பத்தெட்டு நான்கள்.
தமிழில் அத்தனை வேண்டாம், வினைக்குள்ளேயே ஆள் இருக்கிறார் என்றேன்.
டாக்டர் நோர்ஹஸ்லினா சிரித்தார்:
மலாயில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது,
தமிழிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.
வாக்கியத்துக்கு நான்கு வெள்ளி.

எட்டாவதை இப்படிப் பெயர்த்தேன்:
நான் எளிதில் கலங்குவேன்.

மூலத்தைப் பார்க்காத ஒருவர்
அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; விதி.
ஜெலுத்தோங்கிலிருந்து யோகராணி அனுப்பியதில்
நான் எளிதில் சேறாகிக்கொண்டிருந்தேன்.
அவள் மேல் தப்பில்லை.
மழை விட்ட மறுநாள் சுங்கை பினாங்கைத் தாண்டி வேலைக்குப் போகிறவள்.
அந்தச் சொல்லில் அவளுக்கு
முதலில் தண்ணீர், பிறகுதான் கண்.
பதற்றமடைவேன் என்று மாற்றலாமே என்றாள்.
பதற்றம் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களுக்கு வருவது என்று எழுதினேன்.
மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு
கலங்குவதே நின்றது.

பாயான் லெப்பாஸ். காலை ஏழு மணி, தொழிற்சாலைக் கேன்டீன்.
இரவு ஷிப்ட் முடிந்து
தொப்பியின் ரப்பர் தடம் நெற்றியில் மாறாமல்
வந்து உட்கார்ந்தார்கள்.
ஒன்று, அறவே இல்லை. ஐந்து, முற்றிலும் ஆம்.
நடுவில் மூன்று.
பசியாறப் போகிற அவசரத்தில் எல்லோருக்கும் பிடித்த மூன்று.
குணசீலன் முதல் வரியில் ஏறி
மூன்று மூன்றாகவே கடைசி வரை இறங்கினார்,
ஏணியில் இறங்குகிறவர் போல.

ஆறாவதின் தலைகீழ்தான் இருபத்தேழாவது.
கலகலப்பாகப் பேசுவேன்;
பேசாமல் ஒதுங்கியிருப்பேன்.
படிக்காமலே ஆம் போடுகிறவர்களுக்கு வைத்த கண்ணி.
தவமலர் கண்ணியையே தூக்கிக் காட்டினாள்.
"இதத்தான மேல திருப்பிப் போட்டுக் கேட்டீங்க?
லைன்ல ஒரு வார்த்த பேசமாட்டேன்.
வேன்ல ஏறிட்டா வாய் மூடாது.
இதுல எந்த நான்?"
பொதுவாக, என்றேன்.
எனக்கு அனுமதித்திருந்த ஒரே விளக்கம் அது.
"பொதுவா யாரு இருக்கா" என்று முனகிக்கொண்டே
அதற்கும் நான்கு, இதற்கும் நான்கு
வட்டமிட்டாள்.
எட்டுக்கு இரண்டு. அங்கே பென்சில் நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவள் 047.
பெயர் வேறொரு கோப்பில், கடவுச்சொல்லுக்குப் பின்னால்.

ஆறு வாரம் கழித்து அதே தாள், அதே மேசை.
மனிதர் மாறவில்லையென்றால் எண் மாறாது.
எண் மாறவில்லையென்றால் தாள் நல்ல தாள்.
ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு
இரண்டும் விழாமல் நிற்கின்றன.
குணசீலன் மறுபடி மூன்று மூன்றாக இறங்கினார்.
நம்பகம் என்றால் அவர்தான்.

தவமலர் யாரோடும் பேசாமல் முடித்துக் கொடுத்தாள்.
பழைய எண்களேதான்,
அந்த இரண்டு நான்கு உட்பட.
எட்டாவது வரியில் மட்டும் பென்சில் படவில்லை.
தே ஓ கோப்பையின் அடி
ஒன்றிலிருந்து ஐந்து வரை
எல்லா எண்ணையும் உள்ளே வைத்து
பழுப்பாக ஒரே வட்டம் போட்டிருந்தது.

தவறிப்போய் வைத்ததா,
தெரிந்தே வைத்ததா.
கேட்கக் கூடாது. பதினோராம் பக்கத்தில் இருக்கிறது:
விடை குறித்துப் பங்கேற்பாளரிடம் வினவலாகாது.
வாக்கியம் என்னுடையதுதான், நானே மொழிபெயர்த்தது.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது.
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.
வேன் வளைவில் திரும்பும்வரை பார்த்தேன்,
வாய் மூடியே இருந்தது.

ஒரு வரியில் ஒன்றுக்கு மேல் வட்டமிருந்தால்
விடை விடுபட்டதாகக் கொள்க.
குறியீடு 99.
சாயங்காலம் ஃபெர்ரியில் மடிக்கணினியைத் திறந்து
047, எட்டு, என்று தேடிப் போய்
ஒன்பதைத் தட்டினேன்,
இன்னொரு ஒன்பதைத் தட்டக் கொஞ்சம் நேரமானது.
கீழே கடல் அதன் வழக்கமான நிறத்தில் இருந்தது.

முடிவுகள் அருமை என்று டாக்டர் நோர்ஹஸ்லினா எழுதியிருந்தார்.
இரண்டு முறைக்கும் ஒட்டுறவு பூச்சியம் புள்ளி எட்டு மூன்று.
விடுபட்டவை: ஒன்று. பொருட்படுத்தத் தக்கதல்ல.

தாள்களை ஏழு ஆண்டு பூட்டி வைக்க வேண்டுமாம்.
தேநீர்க் கறை
அத்தனை காலம் தாங்குமா தெரியவில்லை.